பிஎஸ்பியில் ழான் தார்க்: டர்ன் தீர்ந்துபோய்த் தோற்கிறேன், வழி சொல்லுங்கள்

தங்கச்சிமடம் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். துபாயிலிருந்து லீவுக்கு வந்த மாமா தன் பழைய பிஎஸ்பியை, கையில் வைத்து வீடியோ கேம் ஆடும் கருவியை, என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குள் இருந்த ஒரே டிஸ்க் ழான் தார்க் (ஜோன் ஆஃப் ஆர்க்) என்ற விளையாட்டு. மாறி மாறி ஆளை நகர்த்தி ஆடும் இந்த மாதிரிப் போர் விளையாட்டு எனக்கு இதுதான் முதல். தடைக்காலம், அப்பாவின் விசைப்படகு கரையில் கிடக்கிறது, ராத்திரி எவ்வளவு நேரம் ஆடினாலும் விடியற்காலையில் யாரும் எழுப்புவதில்லை.

கதை ரொம்பப் பிடித்துவிட்டது. ஓர்லியான் நகரத்தை நெருங்கியிருக்கிறேன். அங்கேதான் சிக்கல். என் ஆட்களில் யாரும் சாவதில்லை, ஆனால் அந்தச் சண்டைக்குக் கொடுத்த டர்ன்கள், அதாவது நகர்த்தும் முறைகள், தீர்ந்துவிடுகின்றன. கடைசியில் தூரத்தில் ஒன்றிரண்டு எதிரிகள் மிச்சம் நிற்பார்கள், அதோடு தோல்வி. ஏற்கெனவே முடித்த இடங்களுக்குத் திரும்பிப் போய்ச் சண்டையிட்டு ஆட்களின் லெவலை, அதாவது பலத்தை, ஏற்றிக்கொண்டு வரவேண்டுமா? ழான் கையில் போட்டிருக்கும் காப்பு அவளை உருமாற்றுமே, அந்தச் சக்தியை முடிவுக்கு என்று எடுத்துவைக்கிறேன், அது சரிதானா?

இன்னொன்று. அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். "இது கோயில் புத்தகத்தில் வரும் புனிதையா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். பேயும் சிங்க மனிதனும் வருகிற கதையில் எது நிஜம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

பாம்பன் வாடை:

தம்பி, லெவல் ஏற்ற வேண்டாம். ஆட்கள் சாகவில்லை என்றால் உன் படைக்குப் பலம் போதும். நீ நகர்த்துகிற வரிசையை மட்டும் மாற்று.

இந்த ஆட்டத்தில் உன் ஆட்கள் எல்லாரும் நகர்ந்து முடித்த பிறகுதான் எதிரிகள் எல்லாரும் நகர்வார்கள். அதனால் உன் முறைக்குள் யார் முதலில், யார் கடைசி என்பது முழுக்க உன் கையில் இருக்கிறது. நிறையப் பேர் திரையில் முதலில் கண்ணில் படுகிறவனை நகர்த்திவிடுகிறார்கள். டர்ன் வீணாவது அங்கேதான்.

பர்னிங் ஆராவைக் கவனி. எதிரியை மேற்கிலிருந்து அடித்தால் அவனுக்குக் கிழக்கே இருக்கும் கட்டத்தில் ஓர் ஒளி எழும். உன் ஆள் ஒருவன் போய் அந்தக் கட்டத்தில் நின்று அடித்தால் அடி பலமாக விழும். அவன் அடித்ததில் அடுத்த ஒளி எழும், அதில் நிற்கிறவனின் அடி இன்னும் பலம். கரைவலை இழுக்கும்போது பின்னால் இருக்கிறவர் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் போய்த் தண்ணீர் ஓரத்தில் பிடிப்பார் இல்லையா, ஆள் மாறிக்கொண்டே இருக்க வலை நிற்காமல் கரையேறும், இதுவும் அப்படித்தான். அதனால் பலம் குறைந்தவனை முதலில் அடிக்க விடு, பெரிய அடிக்காரனைக் கடைசிக்கு வை. அடிப்பதற்கு முன்னால் ஒளி எந்தக் கட்டத்தில் விழும் என்று பார். எதிரியின் முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் அந்தக் கட்டத்தில் யாரும் நிற்க முடியாது. பக்கவாட்டில் போய் அடி.

இன்னொரு பக்கம், அடுத்தடுத்த கட்டங்களில் நிற்கிறவர்களுக்குத் தற்காப்பு கூடும். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த இழுபறிதான். ஒளி உன்னை எதிரிக்கு அப்பால் கொண்டுபோகிறது, தற்காப்பு சேர்ந்து நில் என்கிறது. இரண்டும் வேண்டுமென்றால் முதல் அடிக்கு முன்பே கடைசி ஆள் எங்கே நிற்பான் என்று முடிவு செய்திருக்க வேண்டும். நான் சண்டை தொடங்கியதும் எதையும் அழுத்தாமல் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். மேடு எது, குறுகலான வழி எது, எந்த எதிரி வில்லாளி, இதெல்லாம் தெரிந்த பிறகுதான் முதல் ஆளைத் தொடுவேன்.

இப்போது கைக்காப்பின் சக்தி. அதை முடிவுக்கு வைக்காதே. உருமாறிய ழான் ஓர் எதிரியை வீழ்த்தினால் அதே டர்னில் அவளுக்கு மறுபடி ஒரு முறை கிடைக்கும். நகரலாம், அடிக்கலாம், வீழ்த்தினால் திரும்பவும் ஒரு முறை. அதனால் எதிரிகள் நெருக்கமாக நிற்கிற நேரம்தான் அதற்குச் சரியான நேரம். மற்றவர்களை வைத்து மூன்று நான்கு பேரைக் குற்றுயிராக்கு. யாரையும் முழுதாகக் கொல்லாதே. அப்புறம் ழானை உருமாற்றி அந்த வரிசையில் விடு. ஒருவனை வீழ்த்தி நகர்ந்து, அடுத்தவனை வீழ்த்தி நகர்ந்து, அதே டர்னில் வரைபடத்தின் மறுகோடிக்கே போய்விடுவாள். தூரத்தில் மிச்சம் நிற்பதாக நீ சொன்ன ஒன்றிரண்டு எதிரிகளையும் எட்டிவிடலாம். கடைசி ஒருவனுக்காக எடுத்துவைத்தால் அவனை வீழ்த்திய பிறகு அடிக்க ஆளே இருக்காது, அந்தச் சக்தியின் அருமை தெரியாமலே போய்விடும்.

வைத்தியம் பார்க்கிறவரையும் முன்வரிசைக்குப் பக்கத்திலேயே கூட்டிப் போ. கொஞ்சம் காயம் பட்டவுடன் எல்லாரும் நின்று ஆற்றிக்கொண்டால் டர்ன் போய்விடும்.

கீழக்கரை வாசகி:

ஆட்டத்தைப் பற்றி அந்த அண்ணன் சொல்லிவிட்டார், நான் அப்பத்தாவுக்குப் பதில் சொல்கிறேன். பள்ளியில் வரலாறு நடத்துகிறேன்.

ஆமாம் தம்பி, அதே புனிதைதான். 1412 வாக்கில் பிரான்சில் தோம்ரெமி என்ற சிற்றூரில் ஓர் உழவர் வீட்டில் பிறந்தவர். ஓர்லியானைச் சுற்றி ஆங்கிலேயர் போட்டிருந்த முற்றுகை 1429 மே மாதம் உடைந்தது. பாலத்து முகப்பில் இருந்த தூரெல் கோட்டையைப் பிடித்த அன்று அவர் மேல் அம்பு பாய்ந்தது. அதோடு திரும்பவும் சண்டைக்கு வந்தார். அதே ஆண்டு ஜூலை 17 அன்று ரேம்ஸ் பேராலயத்தில் பிரான்சின் அரசராக ஏழாம் சார்லஸ் முடிசூடியபோது பக்கத்தில் நின்றார். மறு ஆண்டு கோம்பியேனில் பிடிபட்டார். மதத்துரோகி என்று தீர்ப்பளிக்கப்பட்டு 1431 மே 30 அன்று ரூவானில் எரிக்கப்பட்டார். 1456இல் அந்தத் தீர்ப்பே செல்லாது என்று அறிவித்தார்கள். 1920இல் புனிதர் பட்டம். நம் ஓரியூரில் 1693இல் தலை வெட்டப்பட்ட கிறிஸ்தவக் குரு அருளானந்தருக்கு 1947இல்தான் பட்டம் கிடைத்தது. அப்பத்தா ஓரியூர்த் திருவிழாவுக்குப் போகிறவர் என்றால் இதைச் சொல்லுங்கள், மனதில் நிற்கும்.

சிங்க முகத்தோடு வருகிற லா ஹீரும் நிஜ ஆள்தான், சிங்கம் மட்டும் கற்பனை. ஜில் தெ ரே, ழான் கூடவே போரிட்ட தளபதி. எதிர்ப்பக்கத்துக் குட்டி ராஜா இங்கிலாந்தின் ஆறாம் ஹென்றி, பிறந்து ஒன்பது மாதத்தில் பட்டத்துக்கு வந்தவர். அவர் பெயரில் பிரான்சில் ஆட்சி நடத்தியவர் பெட்ஃபோர்டு கோமகன். குழந்தை பெயரில் பெரியவர்கள் நடத்திய போரைத்தான், இந்த ஆட்டத்தை உருவாக்கிய லெவல்-5 நிறுவனத்தார் குழந்தைக்குள் பேய் புகுந்த கதையாக ஆக்கியிருக்கிறார்கள். எனக்கு அது மிக நல்ல கற்பனையாகவே படுகிறது. ரூவானில் ஆட்டம் எந்த வழியில் போகிறது என்று சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்கள். அந்த இடத்தில் அப்பத்தா பக்கத்தில் இருக்கட்டும்.

ராமேஸ்வரம் செல்போன் கடை:

தம்பி, ஒரே ஒரு விஷயம். பழைய பிஎஸ்பி என்றால் பின்பக்க மூடியைக் கழற்றி பேட்டரியைப் பாருங்கள். நம் கடற்கரைக்கு வருகிற பழைய செட்டுகளில் பாதிக்கு மேல் பேட்டரி உப்பித்தான் இருக்கிறது. மூடி சரியாக உட்காரவில்லை என்றால் உடனே எடுத்துவிடுங்கள், குத்தவோ அழுத்தவோ வேண்டாம். பேட்டரி இல்லாமலே 5 வோல்ட் சார்ஜரில் பிஎஸ்பி ஓடும். வயர் மட்டும் பிடுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், சேவ் செய்யாதது போய்விடும். பேட்டரி தொடுகிற உலோக முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள், உப்புக்காற்றில் பச்சை பிடிக்கும்.

தங்கச்சிமடம் தம்பி:

அண்ணே, நேற்று ராத்திரி ஜெயித்துவிட்டேன்! மூன்று பேரைக் குற்றுயிராக்கி வைத்துவிட்டு ழானை விட்டேன், ஒரே டர்னில் மூவரும் முடிந்தார்கள். டர்ன் மிச்சமே இருந்தது. அக்கா, அப்பத்தாவிடம் 1920, 1947 கதையைச் சொன்னேன், ஓரியூருக்கு என்னையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். பேட்டரி லேசாக உப்பித்தான் இருந்தது, எடுத்துவிட்டேன்.

ஆட்டத்தில் ஆட்களுக்குப் புதுத் திறமை தரும் திறன் கற்கள் கையில் நிறையச் சேர்ந்துவிட்டன. விற்றுவிடலாமா?

பாம்பன் வாடை:

விற்காதே தம்பி. கதை இன்னும் கொஞ்சம் போனால் இரண்டு கற்களைச் சேர்த்துப் புதுக்கல் ஆக்கும் வசதி வரும். இப்போது உதவாது என்று தோன்றுகிற கல்தான் அப்போது தேவைப்படும். ஒரே மாதிரிக் கல் பத்து இருந்தால் மட்டும் ஒன்றிரண்டைத் தள்ளு. காசு வேண்டுமென்றால் பழைய கத்தி, வில்லை விற்றுக்கொள்.