திரையில் ஒரு நிறம், அச்சில் வேறு நிறம்: மானிட்டரை எப்படிச் சரிப்படுத்துவது?

வைகைக்கரை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். திருமணப் படங்கள் எடுத்து ஆல்பம் போட்டுத் தருவது என் தொழில். ஃபோட்டோஷாப்பில் திருத்தும்போது கச்சிதமாகத் தெரியும் படங்கள், கலர் லேபிலிருந்து அச்சாகி வரும்போது இருண்டுபோய் வருகின்றன. முகங்களில் மஞ்சள் ஏறியிருக்கிறது. கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பு உயிரில்லாமல் மங்கிக் கிடக்கிறது. லேபில் கேட்டால், வந்த ஃபைலைத்தான் அப்படியே போட்டோம் என்கிறார்கள். என்னிடம் இருப்பது 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர். அதன் அமைப்புகள் கடையிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் சோதனைப் படங்களைப் பார்த்துக் கண்ணாலேயே சரிசெய்துகொண்டால் போதுமா, அல்லது அளக்கும் கருவி வாங்கித்தான் ஆகவேண்டுமா? வாங்கினால் அதில் என்னென்ன அளவுகளை வைக்க வேண்டும்?

அச்சுமை எழுதுகிறார்:

கருவியைப் பற்றி யோசிக்கும் முன் பிரைட்னஸைக் குறையுங்கள். ஆல்பம் இருண்டு வருகிறது என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் இதுதான். கடையிலிருந்து வரும் மானிட்டர்கள் பல, சதுர மீட்டருக்கு 250 கேண்டெலா (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அல்லது அதற்கும் மேலான வெளிச்சத்தில் இயங்குகின்றன. அந்த வெளிச்சத்தில் படம் வெளுத்துத் தெரிவதால் நீங்கள் அறியாமலேயே அதை இருட்டாக்கிவிடுகிறீர்கள். தாளுக்கோ சொந்த ஒளி கிடையாது, தன்மேல் விழும் வெளிச்சத்தைத்தான் அது திருப்பித் தரும். அச்சு வேலைக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை வைப்பதே வழக்கம்.

கருவி இல்லாமலும் இதை ஓரளவுக்குச் செய்யலாம். ஆல்பத்தை எந்த விளக்கின் கீழ் பார்ப்பீர்களோ, அதன் கீழ் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை பிரைட்னஸை இறக்குங்கள். சில நாட்களுக்குத் திரை மங்கலாக இருப்பதுபோலத் தோன்றும், கண் பழகிவிடும்.

முகத்தில் ஏறும் மஞ்சளுக்கும் இதே போன்ற காரணம்தான் இருக்க வேண்டும். உங்கள் திரையின் வெள்ளை நீலம் கலந்ததாக இருந்தால், அதை ஈடுகட்ட நீங்கள் படத்தில் மஞ்சளைக் கூட்டுவீர்கள். மானிட்டரின் மெனுவில் 6500 கெல்வின் (வெள்ளையின் சாயலைச் சொல்லும் அளவு, எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்) அல்லது எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொதுவான வண்ணத் தரம்) என்பதைத் தேர்ந்தெடுங்கள். நைட் லைட், டைனமிக் கான்ட்ராஸ்ட் போன்று நிறத்தையும் வெளிச்சத்தையும் தானாகவே மாற்றும் வசதிகளை அணைத்துவிடுங்கள்.

ஒளிமானி எழுதுகிறார்:

மேலே சொன்னது சரியான தொடக்கம். ஆனால் வண்ணத்தைக் கண்ணால் அளக்க முடியாது. நீலச் சாய்வுள்ள திரையையும் சில நிமிடங்களில் நம் கண் வெள்ளையென்றே ஏற்றுக்கொள்கிறது. அதனால்தான் திரையின் வண்ணத்தை அளக்கும் கலோரிமீட்டர் என்ற கருவி தேவைப்படுகிறது. ஸ்பைடர், கேலிப்ரைட் ஆகிய பெயர்களில் வருபவை பரவலாகக் கிடைக்கின்றன. அவற்றோடு வரும் மென்பொருள் பிடிக்காவிட்டால் டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். தொழில் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கருவி வாங்கி முறைவைத்துப் பயன்படுத்துவதில் தவறே இல்லை.

மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகே அளக்கத் தொடங்குங்கள். வெள்ளைக்கு 6500 கெல்வின், காமாவுக்கு (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடைப்பட்ட நிழல்கள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்ற அளவு) 2.2, வெளிச்சத்துக்கு 100 கேண்டெலா என்று இலக்கு வைப்பது உங்கள் வேலைக்குப் பொருந்தும். முதலில் மானிட்டரின் சொந்த மெனுவிலேயே சிவப்பு, பச்சை, நீலத்தை முடிந்தவரை இலக்குக்கு அருகில் கொண்டுவாருங்கள். முழுத் திருத்தத்தையும் கிராஃபிக்ஸ் கார்டின் மேல் சுமத்தினால், ஒவ்வொரு வண்ணத்துக்கும் இருக்கும் 256 படிகளில் சில காணாமல் போய், மண்டபத்துச் சுவர் போன்ற சீரான பரப்புகளில் பட்டை பட்டையாகத் தெரியும். அளவீடு முடிந்ததும் உருவாகும் ஐசிசி புரொஃபைலை, அதாவது திரை வண்ணங்களை எப்படிக் காட்டுகிறது என்று சொல்லும் ஃபைலை, விண்டோஸே எடுத்துக்கொள்ளும். ஃபோட்டோஷாப்பும் அதை அங்கிருந்து படித்துக்கொள்ளும்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அந்தப் புரொஃபைலை ஃபோட்டோஷாப்பின் கலர் செட்டிங்ஸில் ஒர்க்கிங் ஸ்பேஸாக (படத்தைத் திருத்தப் பயன்படும் வண்ண வரம்பாக) வைக்கவே கூடாது. அது உங்கள் திரையின் குணத்தை விவரிப்பது. படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாதம் ஒருமுறை மறு அளவீடு செய்தால் போதும்.

தாள்வண்ணம் எழுதுகிறார்:

அரக்குச் சிவப்பு மங்குவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. திரையை எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் அது தீராமல் போகலாம், ஏனெனில் அது ஃபைலில் இருக்கும் சிக்கலாகவும் இருக்கக்கூடும். நீங்கள் எஸ்ஆர்ஜிபியைவிட விரிந்த வண்ண வரம்பான அடோபி ஆர்ஜிபியில் சேமித்து அனுப்ப, லேபின் இயந்திரம் எல்லா ஃபைல்களையும் எஸ்ஆர்ஜிபி என்று எண்ணி அச்சிட்டால், வண்ணங்கள் இப்படித்தான் வெளிறிப்போகும். எனவே எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, அந்த எஸ்ஆர்ஜிபி புரொஃபைலையும் உள்ளே பதித்து அனுப்புங்கள். தானியங்கித் திருத்தம் வேண்டாம் என்று லேபில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அவர்கள் பயன்படுத்தும் தாளின் புரொஃபைலைக் கேட்டு வாங்குங்கள். ஃபோட்டோஷாப்பின் வியூ மெனுவில் புரூஃப் செட்டப் வழியாக அதைத் தேர்ந்தெடுத்தால், அச்சு எப்படி வரும் என்பதைத் திரையிலேயே ஏறக்குறையப் பார்த்துவிடலாம். அச்சில் வராத வண்ணங்களைச் சுட்டிக்காட்டும் கேமட் வார்னிங்கையும் போட்டுப் பாருங்கள்: ராணி ரோஸ், அடர்ந்த அரக்கு, கிளிப்பச்சை போன்ற பட்டு வண்ணங்கள் சாம்பலாகக் காட்டப்பட்டால், அவற்றை அந்தத் தாளால் தர முடியாது என்று பொருள். அப்போது சாச்சுரேஷனை (வண்ணத்தின் செறிவை) நாமே அளவாகக் குறைத்தால், மடிப்புகளும் சரிகையின் நெசவும் தப்பிக்கும். இயந்திரத்திடம் விட்டால் அவை ஒரே திட்டாகிவிடும்.

வைகைக்கரை எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அச்சைப் பார்க்க 5000 கெல்வின் விளக்குதான் தரம் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் திரையை மட்டும் ஏன் 6500இல் வைக்க வேண்டும்?

தாள்வண்ணம் எழுதுகிறார்:

நல்ல கேள்வி. எஸ்ஆர்ஜிபி தரத்தின் வெள்ளை டி65, அதாவது ஏறக்குறைய 6500 கெல்வின். அச்சைப் பார்ப்பதற்கான ஐஎஸ்ஓ 3664 தரமோ டி50 ஒளியை, அதாவது ஏறக்குறைய 5000 கெல்வினைச் சொல்கிறது. தாளைத் தனியாகப் பார்க்கும்போது கண் அந்த ஒளிக்கும், திரையைப் பார்க்கும்போது திரையின் வெள்ளைக்கும் பழகிக்கொள்வதால் இந்த வேறுபாடு பெரும்பாலும் உறுத்துவதில்லை. அச்சகங்களில் டி50 விளக்குப் பெட்டியைத் திரைக்குப் பக்கத்திலேயே வைத்து ஒப்பிடுபவர்கள், இரண்டும் ஒத்துப்போகும்வரை திரையை 5000 கெல்வினை நோக்கி இறக்கிக்கொள்கிறார்கள். உங்களிடம் அப்படிப்பட்ட பெட்டி இல்லாததால் 6500லேயே விட்டுவிடுங்கள். அச்சுகளை மட்டும் மலிவான எல்இடி பல்பின் கீழ் வைத்து மதிப்பிடாதீர்கள். அவற்றில் ஆழ்ந்த சிவப்பு ஒளி குறைவு, அரக்கு மேலும் மங்கலாகத் தெரியும். நேர்வெயில் படாத ஜன்னலோரத்தில் பகலில் பாருங்கள், அல்லது சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90க்கு மேற்பட்ட விளக்கை மாட்டுங்கள்.