1986 கான்டெஸா: எஞ்சினை மாற்றலாமா, உள்ளபடியே மீட்டெடுக்கலாமா?

கேள்வி
கெடிலக்கரை, கடலூர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 54 வயது. பள்ளியில் படித்த காலத்தில் திருப்பாப்புலியூரில் பழைய தாள் கடை ஒன்றில் கிடைத்த மோட்டார் இதழில் 1969ஆம் ஆண்டு டாட்ஜ் சார்ஜரின் படத்தைப் பார்த்தேன். நீண்ட முன்பகுதியும், விளக்குகளை உள்ளே மறைத்துக்கொண்ட கறுப்பு முகப்பும் அன்று மனத்தில் பதிந்தவை, இன்றுவரை அகலவில்லை. அத்தகைய கார் ஒன்றை வாங்கும் வசதி எனக்கு அமையவில்லை. ஆனால் அந்த ஆசைதான் என்னைப் பழைய கார்களிடம் கொண்டுசேர்த்தது. இதுவரை ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டையும் ஒரு பிரீமியர் பத்மினியையும் முழுவதுமாகப் பிரித்து ஓடவைத்திருக்கிறேன். இரண்டும் இன்றும் என்னிடமே உள்ளன.

இப்போது வில்லியனூரில் ஒரு தகரக் கொட்டகையில் 1986ஆம் ஆண்டு ஹிந்துஸ்தான் கான்டெஸா ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நம் நாட்டில் தயாரான கார்களில் அந்த அமெரிக்கத் தோற்றத்துக்கு மிக அருகில் வருவது இதுவே என்பது என் எண்ணம். ஆனால் உள்ளே இருப்பது அம்பாசடரில் வந்த அதே 1489 சிசி எஞ்சின். திறன் சுமார் 50 குதிரைத்திறன்தான். அந்தப் பெரிய உடலை அது இழுக்கத் திணறும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். பிற்காலக் கான்டெஸா கிளாசிக்கில் வந்த 1.8 லிட்டர் இசுசு எஞ்சினை ஐந்து கியர் பெட்டியோடு தேடிப் பொருத்திவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

காந்தத்தை வைத்துப் பார்த்தபோது இடதுபுறக் கதவின் அடியில் இரண்டு இடங்களில் அது ஒட்டவில்லை. பதிவெண் புதுச்சேரியின் பிஒய் 01, ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) 2016க்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை. இந்த நிலையில் வாங்கலாமா? வாங்கினால் எஞ்சினை மாற்றுவது சரியா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1
டிங்கர் பட்டறை, நெல்லித்தோப்பு

ஐயா, எஞ்சினைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் உடலைப் பாருங்கள். எஞ்சினை எந்த லேத் பட்டறையிலும் சிலிண்டரைக் கடைந்து, கிராங்க் தண்டைத் தேய்த்துச் சீராக்கி, புதிது போல ஆக்கிவிடலாம். தகடு போய்விட்டால் அப்படிச் செய்ய முடியாது. நான் இந்தத் தொழிலுக்கு வந்து முப்பத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் நிற்கும் கார், ஓடினாலும் ஓடாவிட்டாலும், உப்புக் காற்றால் உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது என்பதை ஒவ்வொரு வண்டியிலும் பார்க்கிறேன். வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும்; கதவின் அடிமடிப்பில் உள்ள வடிகால் துளைகள் மண்ணால் அடைபட்டு, உள்ளே தேங்கிய ஈரம் தகட்டைத் தின்றுகொண்டிருக்கும்.

காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி (பள்ளம் நிரப்பும் பூச்சு) தடவியிருக்கிறார்கள் என்று பொருள். பட்டி இருப்பது குற்றமில்லை. அதன் கீழே தகடு இருக்கிறதா என்பதே கேள்வி. ஆகவே காரை மேலே தூக்கி, ஒரு திருப்புளியின் முனையால் ரன்னிங் போர்டு (கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பகுதி), முன்புறத் தரை, பேட்டரி தட்டின் அடிப்பகுதி, பின் சஸ்பென்ஷன் கைகள் உடலோடு சேரும் இடம் ஆகியவற்றை அழுத்திப் பாருங்கள். தங்கள் ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், உண்டு. உடல் ஓட்டையானாலும் அதைக் கழற்றி வைத்துவிட்டு வேலை பார்க்க முடிந்திருக்கும். கான்டெஸாவுக்கு அந்த வசதி இல்லை. அதன் உடலே அதன் எலும்புக்கூடு. பின் சஸ்பென்ஷன் சேரும் இடத்தில் திருப்புளி உள்ளே இறங்கினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. 2024 ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது தங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கொட்டகையில் அன்று தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று விற்பவரிடம் கேளுங்கள். அவர் எதுவும் நிற்கவில்லை என்று சொன்னாலும், சீட்டுக்கு அடியிலுள்ள போல்ட்டுகளையும் தரைவிரிப்பின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். தண்ணீர் நின்ற கோடு அங்கே எழுதி வைத்ததுபோல் தெரியும்.

ரன்னிங் போர்டு மட்டும் போயிருந்தால் கவலை வேண்டாம். ஆனால் வெட்டுவதற்கு முன்பு கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகளைத் தற்காலிகமாக வெல்டு செய்து நிறுத்தச் சொல்லுங்கள். அப்படிச் செய்யாமல் வெட்டிய ஒரு காரை என்னிடம் கொண்டுவந்தார்கள். நடுவில் சற்றே தொய்ந்துவிட்டதால் நான்கு கதவுகளில் ஒன்றும் சரியாக மூடவில்லை. அதைச் சீராக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. பழைய தகட்டின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டவைக்கவும் விடாதீர்கள். இரண்டுக்கும் இடையில் ஈரம் புகுந்து மூன்றாம் மழைக்காலத்துக்குள் துரு வெளியே வந்துவிடும். அரித்த பகுதியை நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, எல்லா வேலையும் முடிந்த பிறகு உட்குழிவுகளில் மெழுகு தெளிக்க வேண்டும். நம் ஊரில் பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசி வேலையைத்தான்.

பதில் 2
வாகன ஆவணங்கள், மஞ்சக்குப்பம்

ஆர்.சி. காலாவதியான காருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம், அண்ணா. பெயர் யாருடையது, கடன் பதிவு ஏதேனும் நீக்கப்படாமல் இருக்கிறதா, எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்பதைப் பாருங்கள். புதுச்சேரி அலுவலகத்தில் புதுப்பித்தலை விற்பவரே முடித்துத் தந்த பிறகு, அங்கிருந்து தடையின்மைச் சான்றிதழ் பெற்று, கடலூரில் டிஎன் 31 எண்ணுக்கு மாற்ற வேண்டும். இடையே இருப்பது இருபது கிலோமீட்டர் சொச்சம்தான் என்றாலும் சட்டப்படி அது வேறு பகுதி. 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதிய பதிவெண் கட்டாயம், தமிழ்நாட்டு வரியும் உண்டு.

2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதி, 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கே பொருந்தும். கான்டெஸா 1984இல்தான் அறிமுகமானது; ஆகவே 2034க்கு முன்பு எந்தக் கான்டெஸாவும் அந்த விதிக்குள் வராது. தங்கள் ஹெரால்டு எந்த ஆண்டினது என்று பாருங்கள், அதற்குப் பயன்படலாம்.

பதில் 3
முன்னாள் டெட்ராய்ட்வாசி, முத்தியால்பேட்டை

தம்பி, நான் டெட்ராய்ட்டில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். ஒவ்வொரு ஆகஸ்டிலும் உட்வர்டு அவென்யூவில் பழைய அமெரிக்கக் கார்கள் வரிசையாகப் போவதைச் சாலையோரம் நாற்காலி போட்டுப் பார்த்தவன் என்பதால் தங்கள் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது.

நடுத்தர உடலில் பெரிய எஞ்சினை வைப்பதில்தான், தாங்கள் ஆசைப்பட்ட சார்ஜர் போன்ற மசில் கார்களின் வரலாறே தொடங்குகிறது. 1964இல் பாண்டியாக் நிறுவனத்தார் டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் காரில் 389 கன அங்குல, அதாவது 6.4 லிட்டர், எஞ்சினை வைத்து ஜிடிஓ என்று விற்றார்கள். அந்த அளவு காரில் அவ்வளவு பெரிய எஞ்சின் கூடாது என்று அவர்களுடைய தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸே வரம்பு வைத்திருந்தது. தனி மாடலாக அல்லாமல் கூடுதல் விருப்பத் தொகுப்பாகக் கொடுத்து அந்த வரம்பைத் தாண்டினார்கள். பிறகு காப்பீட்டுக் கட்டணம் உயர்ந்ததும், 1970இன் தூய காற்றுச் சட்டமும், 1973இன் எண்ணெய்த் தட்டுப்பாடும் சேர்ந்து அந்தக் காலத்தை முடித்துவைத்தன. ஆகவே தங்கள் நண்பர்களின் யோசனை அந்த மரபுக்கு விரோதமானதல்ல.

ஆனால் அதைத் தொழிற்சாலை செய்தது. எஞ்சினோடு கிளட்சும் ஸ்பிரிங்கும் சேர்த்தே வலுவாக்கப்பட்டன. அங்கே இன்று ஒரு காரின் மதிப்பை நிர்ணயிப்பதும், பிறந்தபோது அதில் இருந்த எஞ்சினே இப்போதும் இருக்கிறதா என்பதுதான். மேலும் அங்கே 1969 கமாரோவுக்கு முழு உடலையே புதிதாக வாங்க முடியும். கான்டெஸாவின் ஒரு மட்கார்டுக்குத் தாங்கள் சென்னைப் புதுப்பேட்டையில் நாள் முழுவதும் அலைய வேண்டியிருக்கும். 1489 சிசி எஞ்சினோடு முதல் தலைமுறைக் கான்டெஸாக்கள் மிஞ்சியிருப்பதே குறைவு, பலவற்றில் டீசல் எஞ்சினை ஏற்றிவிட்டார்கள். தங்களுக்குக் கிடைத்திருப்பது மாற்றப்படாத ஒன்று. அதைக் கலைக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. சட்டமும் அந்தப் பக்கமே நிற்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கும் விவரங்களை நம் விருப்பப்படி மாற்ற முடியாது.

அந்த எஞ்சினை எடுத்துக்கொண்டால் இரண்டு வேலைகளை மறக்க வேண்டாம். அது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து வார்ப்பிரும்பு ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி); ஈயப் பெட்ரோல் நம் நாட்டில் 2000இல் நிறுத்தப்பட்டது. ஈயம் இல்லாமல் வால்வு அமரும் இடம் தேயும் என்பதால், ஹெட்டைக் கழற்றும்போதே எக்ஸாஸ்ட் வால்வுகள் அமரக் கடினப்படுத்திய வளையங்களை வைத்துவிடுங்கள். இரண்டாவது, இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை உப்பவைத்து விரிசல் விடச் செய்யும், ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லாக் குழாய்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள், பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் தேங்க விடாதீர்கள்.

கேட்டவர்
கெடிலக்கரை, கடலூர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று திருப்புளியோடு வில்லியனூர் போய் வந்தேன். இடதுபுற ரன்னிங் போர்டு முற்றிலும் போயிருக்கிறது, ஓட்டுநர் காலடியில் உள்ளங்கை அளவுக்குத் தரையும் இல்லை. பின் சஸ்பென்ஷன் சேரும் இடங்கள் நான்கும் உறுதியாக உள்ளன. தண்ணீர் நின்ற கோடு தென்படவில்லை. எஞ்சின் எண் புத்தகத்தோடு ஒத்துப்போகிறது.

இசுசு எஞ்சின் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன்; முத்தியால்பேட்டைப் பெரியவர் எழுதியதைப் படித்த பிறகு அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆர்.சி.யைத் தன் பெயரிலேயே புதுப்பித்துத் தர விற்பவர் சம்மதித்திருக்கிறார். அது கைக்கு வந்த பிறகே பணம் என்று பேசியிருக்கிறோம். நெல்லித்தோப்பு ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள்: தரைக்கும் ரன்னிங் போர்டுக்கும் தாங்களே வேலை பார்த்துத் தர இயலுமா? கதவுகளை நானே கழற்றி, கண்ணாடிகளையும் உள்வேலையையும் பத்திரப்படுத்திவிட்டு, காரை மட்டும் லாரியில் ஏற்றி அனுப்பலாம் என்று நினைக்கிறேன்.

பதில் 4
டிங்கர் பட்டறை, நெல்லித்தோப்பு

செய்து தருகிறேன், ஐயா. கதவுகளைக் கழற்றாமல் அனுப்புங்கள். கம்பி கட்டி நிறுத்தும்போது இடைவெளியை அளக்க எனக்கு அவை வேண்டும். பொங்கல் முடிந்து கொண்டுவந்தால் இடம் இருக்கும்.