'டார்க் சைடு ஆஃப் தி மூன்': எல்பியையும் டிஜிட்டலையும் நியாயமாக ஒப்பிடுவது எப்படி?

ஊசிமுனை (கேள்வி):

பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' ஆல்பத்தை மூன்று பதிப்புகளில் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். 2016ல் வந்த எல்பி (வினைல் இசைத்தட்டு), 2003ல் வந்த எஸ்ஏசிடியின் (உயர்தர ஒலிக்கான சிடி வகைத் தட்டு) சிடி அடுக்கு, ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கும் 2011 ரீமாஸ்டர். கருவிகள்: ஆடியோ டெக்னிக்கா விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி), அதன் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் தனி ஃபோனோ ப்ரீஆம்ப், கணினியில் பதிய யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்ஃபோன்.

எல்பியில் டிரம்ஸ் எழும்பி அடிக்கிறது. சிடி அடுக்கில் எல்லாமே முன்னால் வந்து நெருக்கியடிக்கிறது. ஆனால் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டான 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'யில் பெண்குரல் உச்சத்துக்குப் போகும்போது எல்பியில் கரகரக்கிறது. டிஜிட்டல் இரண்டிலும் அந்தக் கரகரப்பு இல்லை. இதில் எது வினைலின் குணம், எது இந்தப் பதிப்பின் குணம், எது என் கருவியின் குறை? மூன்றையும் பிரித்துப் பார்க்க வழி சொல்லுங்கள்.

---

பழைய_ரீல்:

உங்களிடம் இருப்பவை மூன்று வெவ்வேறு மாஸ்டரிங் (வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலித் திருத்தம்), நண்பரே. மிக்ஸ் (குரலையும் கருவிகளையும் கலந்த வடிவம்) மட்டும்தான் ஒன்று, அதாவது அபே ரோட்டில் பதிவாகி 1973 மார்ச்சில் வெளியான அந்த ஸ்டீரியோ மிக்ஸ். அந்த டேப்பை எடுத்து 2011ல் ஒலிப் பொறியாளர்கள் ஜேம்ஸ் கத்ரியும் ஜோயல் பிளான்ட்டும் மாஸ்டர் செய்தார்கள். 2016 எல்பிக்கு அவர்களோடு பெர்னி கிரண்ட்மேனும் சேர்ந்தார். 2003 எஸ்ஏசிடியில் கொஞ்சம் கவனம் தேவை. அதே தட்டில் உள்ள இரண்டு ஸ்டீரியோ அடுக்குகளே ஒன்றுபோல இல்லை. எஸ்ஏசிடி அடுக்கு திறந்து கேட்கும். சிடி அடுக்கில் உச்சங்களை அழுத்திச் சத்தத்தைக் கூட்டியிருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் நெருக்கடி அதுதான். டிரம்ஸ் எழும்புவதை வினைலின் கணக்கில் எழுத வேண்டாம். அழுத்தாத மாஸ்டராக இருந்தால் சாதாரண சிடியிலும் அதே மாதிரி எழும்பும்.

'சத்தம் கூட்டிய மாஸ்டரை எல்பியில் வெட்டவே (பள்ளமாகச் செதுக்கவே) முடியாது, அதனால் எல்பி எப்போதும் மேல்' என்று பலர் சொல்வது சரியல்ல. தாராளமாக வெட்டலாம், லெவலைக் குறைத்து வெட்டுவார்கள். நசுங்கிய டிரம்ஸ் நசுங்கியபடியே எல்பியிலும் இருக்கும். வெட்டுபவரை உண்மையில் கட்டுப்படுத்துவது வேறு. இடமும் வலமும் எதிர்த் திசையில் போகும் ஆழ்ந்த பேஸ் ஊசியை மேலும் கீழும் தூக்கியடிக்கும். ஆகவே சுமார் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோனோவாக்குவது வழக்கம். கூர்மையான 'ஸ்' ஒலி வெட்டுமுனையைச் சூடாக்கும், அதையும் அடக்குவார்கள். பக்கத்துக்கு 20, 22 நிமிடத்தைத் தாண்டினால் லெவலோ பேஸோ குறைந்தே ஆகவேண்டும்.

ஆகவே வடிவத்தை மட்டும் ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே மாஸ்டரிலிருந்து வந்த ஜோடியைத் தேடுங்கள். லெட் ஸெப்பலின் இசைக்குழுவின் 2014 வெளியீடுகள் இதற்கு நல்லவை. குழுவின் கிடாரிஸ்ட் ஜிம்மி பேஜ் மேற்பார்வையில் ஜான் டேவிஸ் மாஸ்டர் செய்தது. எல்பிக்கும் 24 பிட் / 96 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளே மூலம். அந்த எல்பியையும் அந்த டவுன்லோடையும் பக்கத்தில் வைத்தால் கிட்டத்தட்ட வினைலின் குணம் மட்டும்தான் மிஞ்சும்.

பழைய தட்டு வாங்குகிறவர்கள் அட்டையை விட்டுவிட்டு லேபிளைச் சுற்றியுள்ள வெற்றுவட்டத்தைப் பாருங்கள். செல்போன் டார்ச்சைத் தட்டுக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய படுக்கையாகப் பிடித்துத் தட்டை மெல்லச் சாய்த்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத கீறல் எழுத்துகள் வெள்ளையாக எழும்பும். 'லெட் ஸெப்பலின் 2'வின் 1969 அமெரிக்க அட்லான்டிக் பதிப்பில் இரண்டு பக்கமும் ஆர்-எல், எஸ்-எஸ் என்ற ஆங்கில எழுத்துகள் கீறியிருந்தால் அது பொறியாளர் ராபர்ட் லுட்விக் ஸ்டெர்லிங் சவுண்ட் ஸ்டூடியோவில் வெட்டியது. லெவலும் பேஸும் தாராளம். மலிவு பிளேயர்களில் ஊசி துள்ளுகிறது என்று சீக்கிரமே அதை நிறுத்திவிட்டு அடக்கி வெட்டிய பதிப்பைப் போட்டார்கள். அதே ஆண்டு, அதே அட்டை, கேட்டால் இரண்டு ஆல்பம். 'எல்பி இப்படி இருக்கும்' என்று பொதுவாகச் சொல்ல எனக்கு மனம் வராததற்கு இந்தத் தட்டு ஒன்றே போதும்.

---

சமலெவல்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனா லெவலைச் சமப்படுத்தாம ஒப்பிட்டா எதுவும் நிக்காது. 1 டெசிபல் கூடுதலா ஓடுற பதிப்பு காதுக்குச் 'சத்தமா இருக்கு'ன்னு தெரியாது, 'தெளிவா இருக்கு'ன்னுதான் தெரியும். இப்படிச் செய்யுங்க.

தட்டைச் சுத்தம் பண்ணிட்டு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்ல பதிவு பண்ணுங்க. 'டைம்' ஆரம்பத்துல கடிகாரமெல்லாம் ஒண்ணா அடிக்குதே, அந்த இடத்துல மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தொடற மாதிரி இன்டர்ஃபேஸ்ல கெயினை வைங்க. இன்னும் ஏத்த வேண்டாம், ஒரு தூசு 'டக்'னு அடிச்சாலே கிளிப் ஆயிடும், அதாவது உச்சம் வெட்டுப்பட்டுடும். ஊசி இறங்கினதுலேர்ந்தே பதிவு ஓடட்டும். இசைக்கு முன்னாடி வர்ற சில விநாடி வெறும் பள்ளம்தான் உங்க இரைச்சல் அளவு. இந்த ஆல்பத்துக்கு அது முக்கியம், ஏன்னா ஆரம்பமும் முடிவும் அடங்கின இதயத்துடிப்பு. கிளிக் நீக்கற மென்பொருள் எதையும் போடாதீங்க, டிரம்ஸோட முனையையும் சேர்த்துச் சீவிடும். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வெட்டிடுங்க. தட்டு வளைஞ்சிருந்தா அங்கேதான் தேவையில்லாத அசைவு குவிஞ்சிருக்கும்.

சிடி அடுக்கை ரிப் பண்ணி, கணினிக் கோப்பா எடுத்துக்குங்க. ஸ்ட்ரீமிங்ல லெவல் சமப்படுத்தற வசதியை அணைச்சிடுங்க. ஸ்பாட்டிஃபைல அது மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (காதுக்குக் கேக்கற சத்தத்தை அளக்கற அலகு) தானா இழுத்துடும்.

அப்புறம் மூணு கோப்புலயும் அதே 60 விநாடியை வெட்டி எடுத்து, ஒரே சாம்பிள் ரேட்டுக்கு மாத்தி, ஆடாசிட்டி மென்பொருள்ல மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ்ஸுக்குக் கொண்டுவாங்க. வித்தியாசம் 0.2 டெசிபலுக்குள்ள இருக்கணும். கார்ட்ரிட்ஜ்ல இடது வலது 1, 2 டெசிபல் விலகறது சகஜம். சிடி கோப்புல இடது வலது எவ்வளவு வித்தியாசம்னு அளந்து, எல்பி கோப்பையும் அதே வித்தியாசத்துக்குத் திருத்துங்க. இதை விட்டுட்டா 'எல்பியில ஒலி அகலமா விரியுது'னு தப்பா எழுதுவீங்க.

வேகத்தையும் பாருங்க. முதல் அடிக்கும் கடைசி அடிக்கும் நடுவுல உள்ள நேரத்தை இரண்டு கோப்புலயும் அளங்க. ஏழு நிமிஷப் பாட்டு 1.26 விநாடி நீண்டுதுன்னா தட்டைச் சுத்தற மேடை 0.3 சதவீதம் மெதுவா சுத்துது, சுருதி சுமார் 5 சென்ட் (அரைச்சுரத்துல நூத்துல அஞ்சு பங்கு) இறங்கியிருக்கு. சரிபண்ணாம கேட்டா எல்பி 'இதமா' இருக்கற மாதிரி தோணும். நடுத்துளை கொஞ்சம் தள்ளியிருந்தா வேற மாதிரி: 1.8 விநாடிக்கு ஒரு தடவை சுருதி ஏறி இறங்கும், ஏன்னா 33⅓ வேகத்துல ஒரு சுற்று அவ்வளவு நேரம். 'கிரேட் கிக்' தொடக்கத்துல நீண்டு நிக்கிற பியானோ ஸ்வரத்துல அது அப்படியே தெரிஞ்சிடும்.

---

உள்வட்டம்:

குரல் கரகரப்புக்கு வருகிறேன். அந்தப் பாட்டு பக்கத்தின் கடைசியில் இருப்பதுதான் முதல் காரணம்.

தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் ஊசிக்கடியில் பள்ளம் ஓடும் வேகம் ஒன்றல்ல. வெளி விளிம்பில், 146 மிமீ ஆரத்தில், விநாடிக்கு 51 செமீ. உள்ளே 60 மிமீ ஆரத்தில் 21 செமீதான். 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலைக்கு வெளியே 51 மைக்ரான் நீளம் கிடைக்கிறது, உள்ளே 21 மைக்ரான். விஎம்95இயின் நீள்வட்ட முனையின் பக்க ஆரம் 0.3 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது ஏழரை மைக்ரானுக்குச் சற்று மேல். அந்த நெருக்கமான வளைவுகளுக்குள் முனை முழுதாக இறங்காமல் மேலாக உரசிக்கொண்டு போகிறது. நீங்கள் சொல்லும் அந்தப் பெண்குரல் கிளேர் டோரியுடையது. அதில் சொற்கள் இல்லை, 'ஸ்' 'ஷ்' இல்லை. ஆனால் உச்ச ஸ்தாயியில் முழு வலுவோடு எழுகிறது. சாதாரணப் பாட்டுகளில் தெரியாத தடுமாற்றம் இங்கே வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

ஊசி வாங்குவதற்கு முன் இவற்றைச் சரிபாருங்கள். ஊசி தட்டை அழுத்தும் எடை 2.0 கிராம், டிஜிட்டல் தராசில், தட்டின் உயரத்திலேயே வைத்து அளக்கவும். ஊசியின் கோணத்தைச் சரிபார்க்கும் கோணத்தாளில், பேயர்வால்ட் முறையின் புள்ளிகள் தட்டின் மையத்திலிருந்து 66.0, 120.9 மிமீ, இரண்டிலும் கேன்டிலீவர் (ஊசிமுனையைத் தாங்கும் மெல்லிய தண்டு) கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். கார்ட்ரிட்ஜின் உடலைப் பார்த்து வைக்காதீர்கள், கேன்டிலீவரைப் பாருங்கள்; இரண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாத கார்ட்ரிட்ஜுகள் நிறைய. ஊசியில் சேர்ந்த பஞ்சை முன்னோக்கி மட்டும் துடைக்கவும்.

கபாசிட்டன்ஸையும் (கார்ட்ரிட்ஜ் மீது கேபிளும் ப்ரீஆம்பும் ஏற்றும் மின்தேக்கு அளவு) விடாதீர்கள். விஎம்95 வரிசைக்கு 100 முதல் 200 பிகோஃபாரட் என்கிறார்கள். டோன்ஆர்ம் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) வயரும் கேபிளும் சேர்ந்தே 150ஐத் தொட்டுவிடும். ப்ரீஆம்பில் இன்னும் 200 வைத்திருந்தால் மேல் அலைவரிசையில் ஒரு மேடு எழும்பி, குரலின் கரகரப்பைப் பெரிதாக்கிக் காட்டும். சுவிட்ச் இருந்தால் ஆகக் குறைந்த நிலையில் வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் நீடித்தால் அதே உடலில் விஎம்என்95எம்எல் ஊசியை மாற்றலாம். பக்க ஆரம் 0.12 மில், மூன்று மைக்ரான் அளவு. ஸ்குரூவைத் தொடவே வேண்டாம், பழையதைக் கழற்றிப் புதியதைச் சொருகினால் போதும்.

---

ஊசிமுனை:

மிக்க நன்றி. எடை 2.0தான், கோணமும் இரண்டு புள்ளியிலும் சரியாக இருக்கிறது. கரகரப்பு வலது சேனலில்தான் அதிகம் கேட்கிறது. அது எதைக் காட்டுகிறது? இன்னொன்றும் கேட்க வேண்டும். டைனமிக் ரேஞ்ச் (டிஆர்) மீட்டரில் என் எல்பி பதிவு சிடி அடுக்கைவிட 4 எண் கூடுதலாகக் காட்டுகிறது. எல்பியின் மாஸ்டரிங் அழுத்தப்படவில்லை என்பதற்கு இதை ஆதாரமாகக் கொள்ளலாமா?

---

உள்வட்டம்:

வலது மட்டும் என்றால் ஆன்டிஸ்கேட் (கை உள்ளே இழுபடாமல் தடுக்கும் எதிர்விசை) போதவில்லை. சுழலும் தட்டு கையை உள்நோக்கி இழுக்கும். ஊசி உள்சுவரில் சாய்ந்து, வெளிச்சுவரில் பிடி தளரும். வெளிச்சுவர்தான் வலது சேனல். கால் அளவு கால் அளவாகக் கூட்டி, அதே பாட்டின் அதே 20 விநாடியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். இரண்டு பக்கமும் சமமாகும் இடத்தில் நிறுத்துங்கள். எத்தனை கூட்டியும் வலது மாறவேயில்லை என்றால் அந்தச் சுவர் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. அதற்கு வேறு பிரதிதான் வழி.

---

பழைய_ரீல்:

டிஆர் எண்ணை எல்பிக்கு நம்ப வேண்டாம். அந்த மீட்டர் சத்தமான பகுதிகளின் சராசரியை உச்சத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடுகிறது. உச்சம் நகர்ந்தால் எண்ணும் நகரும். அழுத்திய மாஸ்டரில் அலைகளின் தலை கத்தியால் சீவியதுபோலத் தட்டையாக இருக்கும். வெட்டும்போது போட்ட ஆர்ஐஏஏ சமன் (பேஸைக் குறைத்து மேல் ஒலியைக் கூட்டும் முறை), ப்ரீஆம்பில் அதன் எதிர்ச்சமன், கார்ட்ரிட்ஜின் ஒத்ததிர்வு எல்லாம் அலையின் ஃபேஸை (அதன் பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தும் நேரத்தை) கொஞ்சம் கொஞ்சம் திருப்புகின்றன. தட்டைத் தலை சாய்ந்து ஒரு முனை மேலே நீட்டிக்கொள்ளும். காதுக்கு ஒரு புதிய விவரமும் கூடவில்லை, மீட்டருக்கு மட்டும் உச்சம் கூடிவிட்டது. ஒரே மாஸ்டரை எல்பியில் போட்டுத் திரும்பப் பதிவுசெய்தாலே எண் சில படி ஏறும். இணையப் பட்டியல்களில் 'எல்பி: 12, சிடி: 8' என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் சிடி அடுக்கு அழுத்தப்பட்டது உண்மை. அதற்குச் சாட்சி வேண்டுமென்றால் டிஜிட்டலையே டிஜிட்டலோடு வையுங்கள்: சிடி அடுக்கும் 2011ம், சமலெவல் சொன்னபடி மைனஸ் 23க்குக் கொண்டுவந்த பிறகு. 'டைம்' பாட்டில் கடிகாரங்களுக்குப் பின் வரும் ரோட்டோடாம் (ஒருவகை டிரம்) அடிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். எதில் அடியின் முனை மற்ற ஒலிகளுக்கு மேல் தனியாக நிற்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

---

சமலெவல்:

வேற ஆல்பங்களுக்குப் போறதுக்கு முன்னாடி மூணு விஷயம்.

1980களின் தொடக்கத்துல வந்த ஜப்பான் சிடிகள் சிலதுல ப்ரீஎம்ஃபஸிஸ் இருக்கும். மேல் அலைவரிசையைத் தூக்கிப் பதிவு பண்ணி, பிளேயர்ல இறக்கற முறை. 20 கிலோஹெர்ட்ஸ்ல கிட்டத்தட்ட 10 டெசிபல். கணினில ரிப் பண்ணினா அந்த இறக்கம் நடக்காம போகலாம். 'பழைய சிடி கீச்சுனு இருக்கு'ன்னு சொல்றதுல பாதி இதுதான். சாக்ஸ் மென்பொருள்ல டிஎம்ஃப் வடிகட்டியைப் போட்ட அப்புறம் லெவலை அளங்க.

லெட் ஸெப்பலினோட 'ஹோல் லோட்டா லவ்'ல ராபர்ட் பிளான்ட் குரலுக்கு முன்னாடியே மெல்லிசா அதே குரல் கேக்கும். அது பக்கத்துப் பள்ளத்தோட எதிரொலி இல்ல, டேப்லயே இருக்கு, சிடியிலும் கேக்கும். வினைல் முன்னெதிரொலின்னா சரியா 1.8 விநாடி முன்னாடி வரும், டிஜிட்டல்ல இருக்காது.

டயர் ஸ்ட்ரெய்ட்ஸோட 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' 1985 ஒற்றை எல்பியில பாட்டுகளே குட்டை. 'மணி ஃபார் நத்திங்' சிடியில 8:26, எல்பியில 7:04. 'வொய் வொரி' 8:31க்குப் பதிலா 5:22. அந்த ஆல்பம் டிஜிட்டல் டேப்ல பதிவானது, முழு நீளமும் சிடியில வந்துச்சு. கோப்புகளை வரிசைப்படுத்தும்போது நடுவுல பொருந்தலைன்னா வேகத்தைத் திருத்தப் போகாதீங்க, முதல்ல நீளத்தைப் பாருங்க. முழு நீளத்தோட வினைல் வேணும்னா பின்னாடி வந்த இரட்டைத் தட்டுப் பதிப்பை எடுங்க.