அத்தையின் ஸ்கேனில் ஒரு கட்டி

ரமேஷ்: அம்மாவின் வயிற்று வலிக்கு எடுத்த சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட் வந்துவிட்டது. குடலில் லேசான அழற்சிதான், அது மருந்திலேயே சரியாகிவிடுமாம். ஆனால் கடைசி வரியில் இடது அட்ரினல் சுரப்பியில் (சிறுநீரகத்தின் மேல் இருக்கும் ஹார்மோன் சுரப்பி) 2.4 செ.மீ. கட்டி என்றும், பழைய மார்பகப் புற்றை மனதில் வைத்துப் பார்க்கவும் என்றும் போட்டிருக்கிறார்கள். கட்டியின் அடர்த்தி 62 எச்.யூ. (ஸ்கேனில் அடர்த்தியை அளக்கும் அலகு). நெட்டில் தேடினால் 10-ஐத் தாண்டினால் மோசம் என்கிறது.

கணேசன் மாமா: யோசிக்கவே வேண்டாம், நாளைக்கே ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியைச் செய்துவிடுங்கள்.

பானு: மாமா, ஊசியை மட்டும் இப்போது கிட்டே கொண்டுவராதீர்கள். ரமேஷ், ஸ்கேனுக்கு முன் கையில் சாய மருந்து ஏற்றினார்களா?

ரமேஷ்: ஆமாம், உடம்பெல்லாம் சூடாக இருந்தது என்றார்.

பானு: அப்போ அந்த 62-ஐ மறந்துவிடு. 10 என்ற கணக்கு சாயம் ஏற்றாத ஸ்கேனுக்குத்தான். சாயம் ஏறினால் அடினோமா என்ற, புற்றில்லாத சாதாரண கட்டிகூட அவ்வளவு காட்டும். சாயமில்லாமல் அட்ரினலை மட்டும் ஒருமுறை எடுக்கச் சொல். கட்டி ஒரே சீராக 10 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கொழுப்பு நிறைந்த அடினோமா, பழைய புற்று இருந்தவர்களுக்கும் அது அந்தப் புற்றின் பரவல் இல்லை என்று நம்பலாம்.

கணேசன் மாமா: 10-க்கு மேல் வந்தால்? அப்போதாவது பயாப்ஸி உண்டா இல்லையா?

பானு: அப்போதும் முதலில் மெட்டாநெஃப்ரின் (அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் சிதைந்து வரும் பொருள்) பரிசோதனை மாமா. அட்ரினலில் ஃபியோகுரோமோசைட்டோமா என்று அந்த ஹார்மோன்களைச் சுரக்கும் ஒரு கட்டி வரும், அது தெரியாமல் ஊசி குத்தினால் ரத்த அழுத்தம் கண்டபடி ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். அது இல்லை என்று தெரிந்து, புற்று செல்களின் சுறுசுறுப்பைக் காட்டும் பெட் ஸ்கேனிலும் தெளிவு கிடைக்காமல், பயாப்ஸி முடிவால் சிகிச்சை மாறும் என்றால் மட்டும்தான் ஊசி. அட்ரினலிலேயே பிறந்த புற்று என்று சந்தேகம் வந்தாலும் குத்த மாட்டார்கள்.

செல்வி அத்தை: நான் இங்கேதான் இருக்கிறேன், படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கால் எரிச்சலுக்கு டுலாக்ஸெடின் மாத்திரை சாப்பிடுகிறேனே பானு, அதனால் ஏதாவது?

பானு: நல்ல கேள்வி அத்தை! அது மெட்டாநெஃப்ரினைக் கூட்டிக் காட்டலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். அட்ரினல் சுரக்கும் கார்டிசோல் ஹார்மோனும் பார்க்க வேண்டும்: இரவு 11 மணிக்கு 1 மி.கி. டெக்ஸாமெத்தசோன் (கார்டிசோலை அடக்கும் மாத்திரை), காலை 8 மணிக்கு ரத்தம். கார்டிசோல் 1.8 மைக்ரோகிராம்/டெசிலிட்டருக்குள் அடங்கினால் சரி. பி.பி. இருப்பதால் ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆல்டோஸ்டிரோன், ரெனினும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

செல்வி அத்தை: மார்பகப் புற்று சிகிச்சை முடிந்த வருஷம் எடுத்த ஸ்கேன் படங்கள் பதிந்த தட்டு (டிஸ்க்) அலமாரியில் இருக்கிறது. குப்பை என்று உங்கள் மாமா தூக்கிப் போடப் பார்த்தார்.

பானு: அத்தை, அதுதான் இப்போது எல்லாவற்றையும்விட முக்கியம்! அதில் வயிறும் தெரிந்தால் இதே கட்டி அன்றும் இருந்ததா என்று பார்க்கலாம். பரவலாக இருந்தால் இத்தனை வருஷம் அதே அளவில் சும்மா இருக்காது. பழைய ரிப்போர்ட்டில் எழுதாமல் விட்டிருக்கலாம், அதனால் படங்களையே பார்க்க வேண்டும்.

ரமேஷ்: தட்டு கிடைத்துவிட்டது. லேப்டாப்பில் போட இடமில்லை, யாரிடமாவது டிரைவ் இருக்கிறதா?

கணேசன் மாமா: என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன்.