அதிர்வு குறைந்த ஹேமர் டிரில் எது? தம்பியின் விரல்கள் வெளுத்துப்போகின்றன

கேள்வி (ராயக்கோட்டை)

வணக்கம். நானும் தம்பியும் ஓசூர்ப் பக்கம் தொழிற்கூடங்களில் கெமிக்கல் ஆங்கர் வேலை (கான்கிரீட்டில் துளையிட்டு, ஒட்டும் மருந்து செலுத்தி போல்ட்டை நிறுத்துவது) செய்கிறோம். 14 மி.மீ. பிட், 120 மி.மீ. ஆழம், நாளுக்கு 90 துளைகள் வரை போகும். கையில் இருப்பது எஸ்டிஎஸ் பிளஸ் வகை (பிட்டைச் செருகினாலே பூட்டிக்கொள்ளும்) டிரில், வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பெரும்பாலும் தம்பிதான் பிடிப்பான்.

போன மார்கழியில் விடியற்காலை வண்டியில் போய் இறங்கியபோது அவனுடைய நடுவிரலும் மோதிர விரலும் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்திருந்தன. டீ கிளாஸை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்து உட்கார்ந்திருந்தான். கால் மணி நேரம் கழித்துத்தான் விரல்கள் வலியோடு சிவந்தன. இப்போது இரவிலும் குறுகுறுப்பு இருக்கிறது. சட்டைப் பொத்தான் போடத் திணறுகிறான். பார்க்கவே மனம் பதறுகிறது.

20,000 ரூபாய் வரை செலவிடத் தயார். கடைக்காரர் வாட் அதிகமானதை எடுக்கச் சொல்கிறார். எதைப் பார்த்து வாங்குவது?

பதில் (ஓசூர், மின்கருவி பழுதுபார்ப்பவர்)

தம்பி, வாட்டை வைத்து அதிர்வைச் சொல்ல முடியாது. கடையிலேயே பெட்டியைத் திறந்து, கையேட்டில் அதிர்வு அளவு போட்டிருக்கும் பக்கத்தைப் பாருங்கள். கான்கிரீட்டில் துளையிட ஒரு எண், உளி போட்டு உடைக்க ஒரு எண் இருக்கும், அலகு மீ/வி² (மீட்டர்/விநாடி²). உங்களுக்கு முதல் எண்தான் முக்கியம்.

அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஐரோப்பாவில் 2002-இல் வந்த விதிப்படி, ஒரு நாள் அதிர்வை 8 மணி நேரத்துக்குச் சராசரியாக்கி 2.5 வந்தாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5-ஐத் தாண்டவே கூடாது. அதிர்வு இரண்டு மடங்கானால் பிடிக்கக்கூடிய நேரம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். இயந்திரத்தின் எண் 15 என்றால் 13 நிமிடத்திலேயே முதல் அளவைத் தொட்டுவிடுவீர்கள். 53 நிமிடத்தில் உச்ச வரம்பு. எண் 10 என்றால் முதல் அளவுக்கு 30 நிமிடம், உச்ச வரம்புக்கு 2 மணி நேரம். இதெல்லாம் விசையை அழுத்திப் பிடித்திருக்கும் நேரம் மட்டும். அளவெடுக்கும் நேரம் சேராது. கையேட்டு எண் சோதனைக்கூடத்தில் எடுத்தது. நம் ஊர்க் கான்கிரீட்டில் கருங்கல் ஜல்லி. கம்பியிலும் மாட்டினால் உதறல் இன்னும் கூடும். கொஞ்சம் குறைத்தே கணக்கிடுங்கள்.

அதிர்வுத் தடுப்பு உள்ளதை மக்கீட்டா ஏவிடி என்கிறது, ஹில்டி ஏவிஆர் என்கிறது, பாஷ் வைப்ரேஷன் கன்ட்ரோல் என்கிறது. மக்கீட்டா எச்ஆர்2630, எச்ஆர்2631எஃப் இரண்டும் ஒரே வகை; ஏவிடி இருப்பது பின்னதில் மட்டும். பெயர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று மாற்றி வாங்கிவிடாதீர்கள். இவற்றில் கைப்பிடியை உடலிலிருந்து ஸ்பிரிங் பிரித்து வைத்திருக்கும், அல்லது உள்ளே எதிரெடை ஒன்று ஆடி அதிர்வை வாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங் கைப்பிடியை முழு பலத்தோடு அழுத்தினால் அது அடிவரை அமுங்கிவிடும். கொடுத்த காசு வீண். அடிக்கும் வேலையை உள்ளே இருக்கும் காற்றழுத்தம் செய்கிறது. நீங்கள் பிட் நழுவாமல் பிடித்தால் போதும்.

பழைய இயந்திரத்தையும் ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். பிஸ்டனின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தேய்ந்திருந்தால் அடி குறையும்; பிடிப்பவர் தானாகவே அழுத்தத் தொடங்குவார். என்னிடம் வருவதில் பாதிக்கு இதுதான் கோளாறு. பிட் முனை மழுங்கியிருக்கிறதா? ஒரு துளைக்கு எத்தனை விநாடி ஆகிறது?

பதில் (தருமபுரி, பிசியோதெரபிஸ்ட்)

கருவி வாங்குவது இருக்கட்டும், முதலில் தம்பியை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இத்தனை ஆண்டுகளாக டிரில் பிடிக்கிறான் என்பதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சர்க்கரையா, மணிக்கட்டு நரம்பு நெருக்கமா என்றுதான் தேடுவார்கள். அவையும் இருக்கலாம், சோதிக்கட்டும். விரல் வெளுப்பது, தொடர்ந்த அதிர்வால் ரத்தக் குழாய்கள் குளிரில் இறுகுவதால் வருகிறது. தொடக்கத்திலேயே அதிர்வை நிறுத்தினால் வெளுப்பு குறைய வாய்ப்பு உண்டு. நரம்பு கெட்டு மரத்துப்போனால் மீள்வது கடினம். பொத்தான் போட முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் உடனே விடச் சொல்லுங்கள்; குழாயை மேலும் இறுக்கும். கையுறை கையைச் சூடாக வைக்கும், அதற்காகப் போடலாம். அடியின் அதிர்வை அது அதிகம் தடுக்காது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கைப்பேசியில் நேரம் பார்த்தேன்: ஒரு துளைக்கு 40 விநாடி. 90 துளைக்கு 60 நிமிடம். எங்கள் கையேட்டில் 15-க்குக் கொஞ்சம் மேல் போட்டிருக்கிறது. அண்ணா சொன்ன 53 நிமிடத்தை அவன் பல நாள் தாண்டியிருக்கிறான்.

பிட் முனை உருண்டுபோயிருந்தது. நான்கு வெட்டு முனை உள்ள புது பிட் போட்டதும் 28 விநாடி. மொத்தம் 42 நிமிடம்.

பதில் (ஓசூர், மின்கருவி பழுதுபார்ப்பவர்)

பிட் ஒன்றிலேயே 18 நிமிடம் குறைந்துவிட்டது. இனி எண் 10-க்குள் உள்ள இயந்திரத்தை எடுத்து, துளையிடுவதை நீங்களும் இன்னொருவரும் பாதிப் பாதியாகப் பிரித்தால் ஆளுக்கு 21 நிமிடம். தம்பி டிரில்லைத் தொடவே வேண்டாம். துளையை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதி மருந்து செலுத்தும் வேலையை அவரிடம் கொடுங்கள். முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

கேட்டவர்

வியாழக்கிழமை மருத்துவரிடம் போகிறோம். பழைய இயந்திரத்தை வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன், அண்ணா.