பஷ்மினா வாங்கியவர்கள், வைத்திருப்பவர்கள்: மனதில் நிற்கும் ஒரு அனுபவம்

வைகைக்கரை:

ஸ்ரீநகர் போனவர்களுக்கு டால் ஏரிக்கரைக் கடைகளில் என்ன நடக்கும் என்று தெரியும், அதை விட்டுவிடுகிறேன். ஆட்டின் மெல்லிய உரோமத்தில் நெய்த பஷ்மினா ஷால் ஒன்று வாங்கிய மறுநாள், என் கணவரின் நண்பர் பழைய நகரத்தில் ஜைனா கதல் பக்கம் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவருடைய பெரியம்மா ஜன்னலோரம் ராட்டையில் பஷ்மினா நூற்றுக்கொண்டிருந்தார். இழை கண்ணுக்கே தெரியவில்லை. விரல் மட்டும் காற்றில் போய் வருவது மாதிரி இருந்தது.

ஆசையாக என் ஷாலை எடுத்துக் காட்டினேன். விளிம்பை இரண்டு விரலால் தேய்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அப்புறம் நான் மடித்ததைவிட அழகாக மடித்து என் மடியில் வைத்துவிட்டு, நூன் சாய் (காஷ்மீர் உப்புத் தேநீர்) ஊற்ற எழுந்து போய்விட்டார். நல்லது என்றும் சொல்லவில்லை, விலையும் கேட்கவில்லை. அசல் என்றால் மோதிரத்துக்குள் நுழையும் என்று கடைக்காரர் இழுத்துக்கூடக் காட்டியிருந்தார். அந்த அம்மா என்ன பார்த்தார்? யாராவது சொல்லுங்கள்.

தறிவீடு:

அவர் பார்த்தது நூலை. நான் கரூரில் தறி, நூல் என்று வளர்ந்தவன், அதனால் சொல்கிறேன். கையால் நூற்ற நூல் ஒரே சீராக இருக்காது. வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு இடம் மெலிந்து ஒரு இடம் தடித்துத் தெரியும். மில் நூல் கோடு போட்ட மாதிரி இருக்கும். பஷ்மினா இழையின் தடிமன் 12 முதல் 16 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), மில்லின் வேகத்துக்குத் தாங்காமல் அறுந்துவிடும். அதனால் நைலானைச் சேர்த்து நூற்று, நெய்த பிறகு அமிலத்தில் நைலானைக் கரைத்து எடுப்பார்கள். அமிலம் பட்ட இழை பலம் இழந்துவிடும். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், சில வருடத்தில் மடிப்பிலேயே கிழியும்.

மோதிரத்தை மறந்துவிடுங்கள். மெல்லிசான துணி எதுவானாலும் மோதிரத்துக்குள் போகும். மரக்கூழில் செய்யும் விஸ்கோஸ் இன்னும் வழுக்கிக்கொண்டு போகும். கனமாக நெய்த நல்ல பஷ்மினா போகாமல் நிற்கும்.

என் அனுபவம் சின்னது. மாமல்லபுரத்தில் ஒரு காஷ்மீர் கடை. கடைப் பையன் குஞ்சத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்தி, சாம்பலை என் உள்ளங்கையில் நசுக்கினான். முடி கருகிய வாசனை. "பாருங்க சார், ஒரிஜினல்" என்றான். சாதாரணக் கம்பளி நூலும் அப்படித்தான் நாறும் என்று சொன்னேன். பையன் சிரிக்காமல் என் முகத்தையே பார்த்தான். அவனுக்கு உண்மையிலேயே அது தெரியாது என்று தோன்றியது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

யமுனைக்கரைத் தமிழன்:

அண்ணா, கொளுத்திப் பார்ப்பதை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். ரயிலடியில் முந்நூறு ரூபாய்க்குப் பஷ்மினா என்று விற்பதைக் கண்டுபிடிக்க அது போதும். விஸ்கோஸ் காகிதம் எரிந்த வாசனை தரும், பிளாஸ்டிக் வகை இழையான அக்ரிலிக் உருகி மணியாகும்.

என் கதை வேறு. மாமியார் கொடுத்த பழைய ஷால், டெல்லிக் குளிருக்கு எடுத்தால் நடுவில் அந்துப்பூச்சி அரித்த ஓட்டைகள். ரஃபூ, அதாவது கிழிசலை இழை கோத்து மூடும் வேலை, செய்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். நஜீபாபாத்காரர், அந்த ஊரில் பரம்பரையாக இதே தொழில். ஒத்த நிறத்தில் நூல் வாங்கி வரவா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஷாலின் ஓரத்திலிருந்தே ஒரு இழையை ஊசி நுனியால் மெதுவாக உருவி எடுத்தார். "இதன் காயத்துக்கு இதன் நூல்தான்" என்றார் இந்தியில். பாவும் ஊடையும் போலவே ஒவ்வொரு இழையாக மேலும் கீழும் கோத்துக்கொண்டே போனார். இன்று அந்த இடத்தை எனக்கே தேடத்தான் வேண்டியிருக்கிறது. ஓட்டை விழுந்தது என்று யாரும் தூக்கிப் போடாதீர்கள்.

நீலமலை:

நூற்கும் அம்மாவைப் பற்றி யாரும் பேசவில்லையே! வைகைக்கரை, நானும் அப்படி ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். பத்து இழை சேர்த்தால் ஒரு முடிச்சு. முடிச்சுக்கு ஒரு ரூபாய்தான் நெடுங்காலம் கூலி. அந்த வருமானத்தில் பெண்கள் ராட்டையை விட்டுப் போக, மில் நூல் உள்ளே வந்தது. ஷால் போலியா என்று கேட்கிற நாம் இதையும் கேட்க வேண்டும். 2008-ல் காஷ்மீர் பஷ்மினாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் நூற்று, கையால் நெய்து, 16 மைக்ரானுக்குள் இருந்தால்தான் ஸ்ரீநகரில் பரிசோதித்து முத்திரைச் சீட்டு ஒட்டுவார்கள். அடுத்த முறை கடையில் மோதிரம் கேட்காதீர்கள், அந்தச் சீட்டைக் கேளுங்கள்.

இன்னொன்று. ஒரு பெருநகரக் கடையில் நாங்கள் கிளம்பும்போது ஒருவர் குரலைத் தாழ்த்தி, "வேறு ஒன்று இருக்கிறது, உள்ளே வாருங்கள்" என்றார். தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்தார். ஷாதூஷ். கையில் கனமே தெரியவில்லை, ஆனால் ஒரு நொடியில் உள்ளங்கை சூடானது. பஷ்மினா ஆட்டின் உரோமத்தை லடாக்கின் சாங்தாங்கில் வசந்தத்தில் சீப்பால் வாரி எடுக்கிறார்கள், ஆடு பிழைத்துக்கொள்கிறது. ஷாதூஷுக்குத் திபெத்திய மான் சிருவைக் கொல்ல வேண்டும், ஒரு ஷாலுக்கு மூன்று நான்கு மான்கள். அந்தச் சூடு இன்னும் கையில் இருக்கிற மாதிரி, நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

கோவைக் காற்று:

பாட்டி காலத்து ஷாதூஷ் என்றால் விற்கலாம் என்கிறார்களே?

நீலமலை:

கூடாது. சிரு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதிகப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. பழசு, புதுசு என்ற பேச்சே இல்லை. யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

டொரன்டோ அக்கா:

இங்கே எல்லாருக்கும் கேஷ்மியர் ஸ்கார்ஃப்தான், அதுவும் பஷ்மினா மாதிரி ஆட்டு உரோமம்தான். எங்கள் மாடியில் குடியிருந்த தங்கை, கணவர் வாங்கித் தந்ததை மெஷினில் போட்டுவிட்டாள். கழுத்தைச் சுற்றிக்கொள்ள வேண்டியது கைக்குட்டை அளவில் வெளியே வந்தது. அவள் அதை இரண்டு கையாலும் இழுத்து இழுத்துப் பார்த்தாள், அழவில்லை. அந்த இழுப்பு என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால் யாரும் கேட்காவிட்டாலும் எழுதுகிறேன்.

இழையின் மேல் செதில்கள் இருக்கும். சூடும் அலைச்சலும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும், திரும்ப விடாது. அதனால் குளிர்ந்த தண்ணீர், குழந்தை ஷாம்பு சில துளிகள், சில நிமிடம் ஊறல், அவ்வளவுதான். தேய்க்காதீர்கள், முறுக்காதீர்கள். அலசும் தண்ணீரும் அதே குளிர்ச்சியில் இருக்கட்டும். துண்டுக்குள் சுருட்டி அமுக்கித் தண்ணீரை எடுத்து, தட்டையாகப் பரப்பி நிழலில் காய விடுங்கள். கொடியில் போட்டால் ஈரத்தின் பாரம் நீளமாக இழுத்துவிடும். ஸ்கார்ஃபில் சின்னச் சின்னப் பந்து வருகிறதே, போலியோ என்று பயப்படாதீர்கள். நல்ல கேஷ்மியரும் உரசும் இடத்தில் பந்து விடும், மெல்லிய சீப்பால் வாரினால் போய்விடும். சென்ட்டைத் துணிமேல் அடிக்காதீர்கள்.

அந்துப்பூச்சி பற்றி யமுனைக்கரைத் தம்பி சொன்னார். அரிப்பது பறக்கும் பூச்சி இல்லை, அதன் புழு. வியர்வை, சாப்பாட்டுக் கறை இருக்கும் இடத்தை முதலில் தேடிப்போகும். அதனால் எடுத்து வைக்கும் முன் ஒரு முறை அலசியே ஆக வேண்டும். நம் ஊர் அந்துருண்டை துணியில் நேராகப் படக் கூடாது. சந்தேகமாக இருந்தால் காற்றுப் புகாத பையில் கட்டி ஃப்ரீசரில் சில நாள் வையுங்கள். பிளாஸ்டிக்கில் வருடக்கணக்கில் அடைக்காதீர்கள், சென்னை ஈரத்துக்குப் பூஞ்சை வந்துவிடும். பழைய வேட்டித் துணியில் சுற்றினால் போதும். எங்கள் அம்மா காய்ந்த வேப்பிலை வைப்பார், நானும் வைக்கிறேன்.

கல்லணை:

அக்கா, எல்லாம் சரி, ஆனால் எல்லா ஷாலையும் தண்ணீரில் போடலாம் என்று யாரும் படித்துவிடக் கூடாது. என் அத்தையிடம் வெள்ளைப் பஷ்மினா, ஓரம் முழுக்கச் சிவப்பில் சோஸ்னி ஊசிவேலை. சலவைக்குக் கொடுத்த இடத்தில் தண்ணீரில் போட்டிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது ஒவ்வொரு பூவைச் சுற்றியும் ரோஜா நிறத்தில் ஒரு வட்டம். அத்தை அதைக் கட்டில்மேல் விரித்துவிட்டு, எந்தப் பூ தப்பியது என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துத் தேடினார்.

ஊசிவேலை இருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள்: வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, பின்பக்கம் அடர்நிற நூல்மேல் ஒரு நிமிடம் அழுத்துங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக. துணியில் லேசாகச் சாயம் ஒட்டினாலும் தண்ணீர் வேண்டாம், டிரை கிளீனிங்தான். கொடுக்கும்போதும் பஷ்மினா, ஊசிவேலை என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.