கண் இமை ஆபரேஷன்: செய்துகொண்டவர்களும் வேண்டாமென்று திரும்பியவர்களும் அனுபவம் சொல்லுங்கள்

நித்யகல்யாணி:
எனக்கு 43 வயது. வங்கியில் கவுண்டர் வேலை. இரண்டு மூன்று வருடமாக மேல் இமைத் தோல் தளர்ந்து, மடிப்பே தெரியாமல் போய்விட்டது. காலையில் தீட்டும் மை மதியத்துக்குள் மேல் இமையில் அப்பிக்கொள்கிறது. நன்றாகத் தூங்கி எழுந்து போனாலும் "உடம்பு சரியில்லையா மேடம்?" என்று கேட்கிறார்கள். இதற்கு ஆபரேஷன் இருக்கிறது என்று தெரியும். வீட்டில் பேச்செடுத்தால் "இந்த வயதில் எதற்கு இதெல்லாம்" என்று முடித்துவிடுகிறார்கள். செய்துகொண்டவர்கள், யோசித்துவிட்டு வேண்டாமென்று விட்டவர்கள், யாராக இருந்தாலும் நடந்ததைச் சொல்லுங்கள்.

தாமிரபரணி:
முகம் தெளிவாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளி ஆசிரியை, 51 வயது. போன கோடை விடுமுறையில் இரண்டு மேல் இமைகளுக்கும் செய்துகொண்டேன்.

கண் மருத்துவம் படித்து, அதன்மேல் இமைக்கென்றே பயிற்சி எடுத்தவர்களை ஆக்குலோபிளாஸ்டி டாக்டர் என்பார்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் இதற்குத் தனிப் பிரிவே உண்டு. பிளாஸ்டிக் சர்ஜன்களும் செய்கிறார்கள். யாரிடம் போனாலும் சரி, கண்ணை முழுதாகப் பரிசோதிக்காமல் தேதி குறிப்பவரிடம் போகாதீர்கள்.

நான் பார்த்த டாக்டர் முதலில் பழைய போட்டோ கேட்டார். கல்யாண ஆல்பத்தில் இருந்ததைக் காட்டினேன். அப்புறம் என் புருவத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறக்கச் சொன்னார். இமை தொங்குவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாமாம். தோல் மிகுந்திருக்கலாம், இமையைத் தூக்கும் தசை தளர்ந்திருக்கலாம், அல்லது புருவமே இறங்கியிருக்கலாம். தோலை வெட்டினால் முதலாவது மட்டும்தான் சரியாகும். தசை தளர்ந்தவருக்குத் தோலை மட்டும் எடுத்தால் கண் பாதி மூடினாற்போலத்தான் இருக்கும். புருவம் இறங்கியவருக்குத் தோலை எடுத்தால் புருவம் இன்னும் கீழே இழுபடும். இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

கீழ் இமையோரத்தில் ஒரு மெல்லிய காகிதப் பட்டையைச் செருகி, 5 நிமிடம் கழித்து எவ்வளவு தூரம் நனைந்திருக்கிறது என்று பார்த்தார்கள். கண் ஏற்கெனவே வறண்டிருப்பவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு உறுத்தல் கூடும் என்பதால் இந்தச் சோதனை. பிபி, சுகர், தைராய்டு எல்லாம் கேட்டார்கள். ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். அதை நாமாக நிறுத்தவும் கூடாது, இதய டாக்டரையும் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள்.

ஆபரேஷன் அன்று உட்காரவைத்துத்தான் பேனாவால் கோடு போட்டார். படுத்தால் தோல் பின்னால் சரிந்துவிடும், அளவு தப்பிவிடும். இடுக்கியால் தோலை லேசாகக் கிள்ளிப் பிடித்து, கண் முழுதாக மூடுகிறதா என்று பலமுறை பார்த்தார். புருவத்துக்கும் இமை முடிக்கும் நடுவே சுமார் 20 மில்லிமீட்டர் தோலாவது மிஞ்ச வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதிகமாக எடுத்துவிட்டால் கண் மூடாது. மரப்பு ஊசி போடும்போது சுருக்கென்றது, அதற்குப் பிறகு வலி இல்லை. ஆனால் முழு நினைவோடு இருந்தேன். ரத்தக் குழாயைத் தீய்க்கும் வாசனை மூக்குக்கு வந்தபோது வயிற்றைக் கொஞ்சம் பிசைந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் முகம் பார்க்கப் பயமாக இருந்தது. கண் வீங்கி, கருநீலமாகக் கன்றிப்போய், கன்னம்வரை இறங்கியிருந்தது. ஐஸைத் துணியில் சுற்றி ஒத்தடம், இரண்டு தலையணை வைத்துத் தூக்கம், இரவில் ஆயின்மென்ட். அது போட்டால் எல்லாம் மங்கலாகத் தெரியும், பயப்படாதீர்கள். ஒரு வாரத்துக்குள் தையல் பிரித்தார்கள். ரெண்டு வாரத்தில் வெளியே போகலாம் என்ற அளவுக்கு வந்தது. தழும்பு இமை மடிப்புக்குள்ளேயே மறைந்துவிட்டது. வலது மடிப்பு இடதைவிட ஒரு நூல் உயரம், கண்ணாடியில் எனக்கு மட்டும் தெரிகிறது. பள்ளி திறந்த அன்று "டீச்சர், லீவுல ஊருக்குப் போய் ரெஸ்ட் எடுத்தீங்களா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அந்தக் கேள்வி அவ்வளவு இனித்தது!

நொய்யல்:
நான் ஆண், 38. கண்ணுக்குக் கீழே கருவளையத்துக்காகப் போனேன். ஓர் அழகு கிளினிக்கில் கண்ணைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பேக்கேஜ் விலை சொன்னார்கள். அங்கிருந்து எழுந்து கண் டாக்டரிடம் போனேன். அவர் கீழ் இமைத் தோலை மெல்ல இழுத்துப் பார்த்தார், கருமை அப்படியே இருந்தது. "இது தோலின் நிறம். ஆபரேஷனில் கொழுப்புப் பையை எடுக்கலாம், நிறத்தை எடுக்க முடியாது" என்றார். அலர்ஜியால் நான் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பதும் ஒரு காரணமாம். அதற்குச் சொட்டு மருந்து கொடுத்தார், வெயிலில் கண்ணாடி போடச் சொன்னார். ஆபரேஷன் பேச்சு அதோடு முடிந்தது. நம் ஊரில் கீழ் இமைக் கருமை நிறையப் பேருக்கு உண்டு. பணம் கட்டும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

செம்பருத்தி:
என் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பக்க இமை மட்டும் தொங்கியது. காலையில் பரவாயில்லை, சாயங்காலம் ஆக ஆக இறங்கிவிடும். வயசாகிறது என்றுதான் எல்லோரும் சொன்னோம். டாக்டர் மூடிய இமையின்மேல் ஐஸ் பையை 2 நிமிடம் வைத்து எடுத்தார். இமை கண்ணெதிரே மேலே ஏறி நின்றது! மயஸ்தீனியா என்ற நரம்பு-தசை நோய் இருக்கலாம் என்று நரம்பியல் டாக்டரிடம் அனுப்பினார், ரத்தப் பரிசோதனையில் அது உறுதியானது. இப்போது மாத்திரையில் நன்றாக இருக்கிறாள். ஒரே பக்கம் தொங்கினாலோ, திடீரென்று வந்தாலோ, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ அழகு சிகிச்சையை மறந்துவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

நித்யகல்யாணி:
எல்லோருக்கும் நன்றி. தாமிரபரணி அக்கா, உங்களுக்கு இன்ஷூரன்ஸ் கிடைத்ததா? ஆபத்து என்று ஏதாவது சொன்னார்களா?

தாமிரபரணி:
அழகுக்காகச் செய்வதற்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் தராது, பாலிசியிலேயே விலக்கு என்று போட்டிருக்கும். தோல் தொங்கிப் பார்வையின் மேல்பகுதியை மறைக்கிறது என்று பார்வைப் புலச் சோதனையில் தெரிந்து, மருத்துவ ரீதியாகத் தேவை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் கேட்டுப் பார்க்கலாம். எனக்கு அப்படி இல்லை, கைப்பணம்தான்.

ஆபத்து அபூர்வம்தான், ஆனால் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டினால் பார்வையே போகக்கூடும் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். அதனால் ஆபரேஷன் முடிந்த அன்று இரவு வீட்டில் தனியாக இருக்காதீர்கள். கடும் வலி, கண் பிதுங்குவது, பார்வை மங்குவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. இரவில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு, நம்பரை வீட்டுக்காரர் போனிலும் ஏற்றி வையுங்கள்.